மணலுக்குப் போட்ட சட்டை

பாலைவனத்துக்குப் போகலாம் என்று முதலில் ஆரம்பித்தது ஞானதுரைதான். அவர் மனைவி எஸ்தர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஓசூர் வீட்டைக் காலி செய்துகொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த புதிது. காலையில் எழுந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படிக்கும் மொட்டைமாடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்துச் சலித்துப்போய் ஒருநாள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏ எஸ்தர், இத்தன வருஷமா மணலோட மாரடிச்சியே. அது எங்கேருந்து வருதுன்னு ஒருநாளாவது போயிப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அவளுக்கு மணல் என்றால் ஆய்வுக்கூடத்து வாசலில் லாரியிலிருந்து இறங்கும் வெள்ளைச் சாக்கு. சாக்கின் வாயை அவிழ்த்து ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டாலே எந்தப் பக்கத்து மணல் என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு மணல்மேட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததில்லை.

அவள் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆற்றுமணல் என்பது உடைந்த கல். மூலையும் முனையுமாக இருக்கும், ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பாலைவன மணல் அப்படியில்லை. காற்றில் உருண்டு உருண்டு கோலிக்குண்டு போலாகிவிட்டது. அதில் சிமென்ட்டைக் குழைத்துக் கட்டினால் நிற்காது. அதனால்தான் பாலைவனம் முழுக்க மணல் சும்மா கிடக்க, மனிதர்கள் ஆறுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் ஒரு நுண்ணுயிரை வளர்த்தெடுத்தாள். யூரியா கலந்த தண்ணீரோடு அதை மணலில் விட்டால் போதும், ஒவ்வொரு மணல்மணிக்கும் சொரசொரப்பாக ஒரு சுண்ணாம்புச் சட்டையைப் போட்டுவிடும். சட்டை போட்ட மணல் ஆற்றுமணலைவிட நன்றாகப் பிடித்தது. தாமிரபரணியிலும் வைப்பாற்றிலும் மணல் லாரிகள் நின்றுபோயின. அதன்பிறகு நாட்டில் எழும்பிய கட்டடமெல்லாம் பாலைவன மணலில்தான் எழும்பியது. யூரியா நின்றால் உயிரி செத்துவிடும், வெளியே போனால் பிழைக்காது என்று அவள் பலமுறை சோதித்து உறுதி சொல்லியிருந்தாள்.

"போவோம்" என்றாள். "ஆனா கூட்டத்தோட பஸ்ஸுல வேண்டாம். நாமளே ஓட்டிட்டுப் போவோம்."

ஞானதுரை இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து நின்றுவிட்டார். பாலிடெக்னிக்கில் மோட்டார் பிரிவில் பாடம் நடத்தியவர். வண்டிகளெல்லாம் தாமாகவே ஓடப் பழகிவிட்ட பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவது என்பது குதிரை ஏறுவது போல ஆகியிருந்தது. எங்கெங்கோ விசாரித்து, ஜோத்பூரில் ஸ்டியரிங் வைத்த ஜீப் வாடகைக்குக் கிடைக்கும் என்று கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரிந்தது. மணலில் ஓட்ட டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், மேட்டில் ஏறும்போது கியரை மாற்றக் கூடாது, இறங்கும்போது குறுக்கே திரும்பக் கூடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்த கையோடு, நண்பர் ஒருவரின் பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுக்குப் போனார்கள். செம்மணலில் பயிற்சி. வண்டி அச்சுவரை புதைந்து, பனையேறுகிற நாலு பேர் வந்து தள்ளிவிட்டார்கள். எஸ்தர் பின்னாலிருந்து தள்ளி முகமெல்லாம் செம்மண்ணோடு நின்று சிரித்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அவர் பார்த்தார்.

தங்க இடம் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. ஜெய்சல்மேரைச் சுற்றி இருந்த கூடார விடுதிகளில் பாதி, அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்தவர்கள் கோட்டையைப் பாருங்கள், பழைய ஹவேலி மாளிகைகளைப் பாருங்கள், மணலுக்கு ஏன் போகிறீர்கள் என்றார்கள். கடைசியில் ஒரு விடுதிக்காரர், அவர்கள் தட்டுத்தடுமாறிப் பேசிய இந்தியைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா? எந்த ஊரு அண்ணாச்சி?" என்றார்.

ஞானதுரை போனின் ஒலிபெருக்கியை அமுக்கி மேசைமேல் வைத்தார்.

"பாளையங்கோட்டை. நீங்க எப்படி...?"

"நான் பொறந்து வளந்தது கோவில்பட்டி. மார்க்கெட் ரோட்டுல அப்பாவுக்கு ஜவுளிக்கடை. பேரு கேவல்சந்த். பத்தாப்பு வரைக்கும் அங்கதான். தமிழ்ல பேசி எத்தன நாளாச்சு! அக்கா பக்கத்துல இருக்காங்களா? நல்லா இருக்கீங்களாக்கா?"

"நல்லாருக்கேன் தம்பி. மணல்மேடு பாக்க வரணும். நாங்களே ஓட்டிட்டு வாரோம். பாத எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பாத நல்லாருக்கு. எங்க வேணாலும் ஓட்டலாம்" என்றார் கேவல்சந்த். "மேடும் இருக்கு. இருந்த எடத்துலயே இருக்கு. வாங்க. தமிழ் பேச ஆள் வந்தாச் சரி."

விடுதி மாடியிலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்றை அவர் அன்று சாயங்காலமே அனுப்பினார். அழகான படம். நீளமாக வளைந்து கிடக்கும் மேடு, கத்தியால் சீவியது போல முகடு, சரிவில் அலையலையாக வரிகள். ஞானதுரை அதை மகள் ஜெமிமாவுக்கு அனுப்பினார். அவள் சென்னையில், வானத்தைத் தொடும் அடுக்ககம் ஒன்றில், கணவனும் கைக்குழந்தையுமாக இருந்தாள். "செம்ம! நானும் வாரேன்" என்று பதில் போட்டாள். வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எஸ்தர் அந்த விடுதியின் பழைய படங்களையும் தேடிப் பார்த்தாள். எந்த அறை வசதி என்று பார்க்கத்தான் எடுத்தாள். அதே மாடியிலிருந்து பல வருஷங்களுக்கு முன் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதே வளைவு. அதே முகடு. சரிவில் ஒரு வரி மட்டும் நடுவில் பிரிந்து மீண்டும் சேர்ந்திருந்தது. புதிய படத்திலும் அது அப்படியே அதே இடத்தில் பிரிந்து சேர்ந்திருந்தது.

மணலில் விழுந்த வரி அடுத்த காற்றுக்குத் தாங்காது. மேடேகூட வருஷத்துக்கு வருஷம் நகரும். பாலைவனம் ஊருக்குள் நகர்ந்து வருவது நின்றுவிட்டது என்று ஒருமுறை செய்தி வந்ததும், ஏதோ சாதனை போல எல்லோரும் பேசிக்கொண்டதும், தானும் அதில் சந்தோஷப்பட்டதும் அவளுக்கு நினைவு வந்தது. காற்று அடிக்காத பாலைவனம் எங்கே இருக்கிறது என்று அப்போது அவள் கேட்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஞானதுரை, "பாதாம் வாங்கி வச்சுக்கிடுவோமா? வழியில கொறிக்க ஆகும்லா" என்றார்.

"வாங்குங்க" என்றாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. போவதற்கு முந்தைய வாரம், அலமாரியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்த கையடக்க நுண்ணோக்கியை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

ஜோத்பூரிலிருந்து ஜீப்பில் கிளம்பிய அன்று ஞானதுரை பாடிக்கொண்டே ஓட்டினார். சாலைக்கு இருபுறமும் காய்ந்த வெட்டவெளி. எதிரே மணல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. போகப்போக ஊர்கள் குறைந்தன. இருந்த ஊர்களிலும் கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டுபோன வீடுகளே அதிகம். வன்னிமரங்கள் நின்றன. இலையில்லை. எஸ்தர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கேவல்சந்த் வாசலுக்கு வந்து இரண்டு கைகளாலும் ஞானதுரையின் கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த மனிதர். மீசை நரைத்திருந்தது. விடுதியில் இவர்களைத் தவிர யாருமில்லை. டீ கொடுத்தார். தண்ணீரை மட்டும் அளந்து ஊற்றுவது போல ஊற்றினார்.

வெயில் தாழ்ந்ததும் மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். மேட்டின் அடியில் ஞானதுரை இறங்கி, டயரில் காற்றைக் குறைக்கக் குனிந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே ஏத்துங்க" என்றார் கேவல்சந்த்.

ஜீப் ஏறியது. சிமென்ட்டுச் சாய்தளத்தில் ஏறுவது போல, புதையாமல், சறுக்காமல், சக்கரத்தின் தடம்கூட விழாமல் முகடு வரைக்கும் ஏறி நின்றது. ஞானதுரை இறங்கிக் காலால் தட்டிப் பார்த்தார். செருப்பு டக்கென்று சத்தம் போட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் மேடுமேடாக, அலையலையாக எல்லாம் இருந்தது. காற்று பலமாக வீசியது. ஒரு துகள்கூடப் பறக்கவில்லை.

"என்னய்யா இது, தரை போட்ட மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

எஸ்தர் குனிந்து ஒரு வரியின் விளிம்பை நகத்தால் நெம்பினாள். அப்பளம் போல ஒரு சில்லு பெயர்ந்தது. அதைத் திருப்பிப் பார்க்க அவளுக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. ஒவ்வொரு மணியும் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து மணியின் சட்டையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"தம்பி, இங்க ஆடு மாடு உண்டா?"

"இருந்துச்சுக்கா. பாலைவனம்னாலே ஆடும் ஒட்டகமுந்தான? வீட்டுக்கு ஒரு மந்தை இருந்துச்சு."

ஆட்டு மூத்திரம். அதில் இருக்கும் யூரியா போதும். பனிக்கால விடியலில் மணலில் இறங்கும் ஈரம் போதும். இங்கே மணலுக்குச் சட்டை போடும் கூடங்களிலிருந்து காற்றில் பறந்த நாலு துகளுக்கு இந்தப் பாலைவனம் முழுக்க விருந்து வைத்துக் காத்திருந்திருக்கிறது. ஓசூர் ஆய்வுக்கூடத்தில் அவள் ஒரு ஆட்டைப் பற்றிக்கூட நினைத்ததில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் லூணேரி என்று ஒரு சின்னக் குடியிருப்பு இருந்தது. அங்கே மிஞ்சியிருந்த ஒரு வீட்டுக்குக் கேவல்சந்த் கூட்டிக்கொண்டு போனார். சுகி என்ற பெண் இவர்களுக்குக் கட்டிலைப் போட்டுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் பேசினதைக் கேவல்சந்த் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"முன்னாடி மழை பேஞ்சா மணல் குடிச்சிக்கிடும். குடிச்சத அடியில வச்சிருக்கும். சின்னச் சின்னக் கெணறு தோண்டி, வருஷம் பூரா அதத்தான் நாங்க எடுப்போம். இப்ப மேடு கல்லாயிட்டு. பேயுற மழை உள்ள எறங்க மாட்டேங்குது. கெணறு எல்லாம் செத்துப் போச்சு. போன மழைக்காலத்துல பகல்லயே ஒரு மழ. பெரிய மழகூட இல்ல. அங்கிட்டு பேஞ்ச தண்ணி பூராவும் ஓட்டுல வழியுற மாதிரி வழிஞ்சி, மொத்தமா இங்க வந்துட்டு. பாலைவனத்துல வெள்ளம் வரும்னு யாருக்குத் தெரியும்? நீச்சல்னா என்னன்னே தெரியாத ஆளுக. இவ வீட்டுக்காரன், ரெண்டு பிள்ளைங்க..." கேவல்சந்த் முடிக்கவில்லை. "இவ மட்டும் தண்ணி எடுக்கத் தூரமாப் போயிருந்தா."

சுகி எஸ்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானதுரை தொண்டையைச் செருமினார். துக்க வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்க அவருக்கு என்றைக்குமே தெரியாது. ஏதாவது நல்லதாகச் சொல்லி ஆற்றிவிட வேண்டும் அவருக்கு.

"கவலப்படாதீங்க. மணல் கெட்டியானதுக்கு எதாச்சும் வழி இருக்கும். எம்பொண்டாட்டிகிட்ட கேளுங்க. இந்த மணல்ல கட்டடம் கட்டலாம்னு மொத மொதல்ல கண்டுபிடிச்சதே இவதான். இவளுக்குத் தெரியாத மணல் கெடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

கேவல்சந்த் அசையாமல் இருந்தார். சுகி அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் ஒரு வரியில் பதில் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

"என்ன கேட்டா?" என்றாள் எஸ்தர்.

"அண்ணாச்சி என்ன சொல்லுதார்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இந்த வருஷம் மழ வருமான்னு கேக்காருன்னு சொன்னேன்."

இருட்டுவதற்குள் திரும்பினார்கள். விடுதி வாசலில் இறங்கியதும் கேவல்சந்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வைப்பாத்துல மணல் அள்ளுறது நின்னுச்சே, அது இதனாலதானாக்கா?"

"ஆமா தம்பி."

"எங்கப்பா சாகும்போதுகூட அதச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரு. ஆத்துல மறுபடி ஊத்து தோண்டுதாங்களாம்டான்னு." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கோவில்பட்டியும் என் ஊருதான். இதுவும் என் ஊருதான். நான் உங்கள என்ன சொல்லட்டும்?"

அறைக்குள் வந்ததும் ஞானதுரை, "நாளைக்கே கிளம்பிருவோம்" என்றார். எஸ்தர் சரி என்றாள்.

ஆனால் காலையில், இவர்கள் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கேவல்சந்த் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஒரு எடம் காட்டணும். காட்டலாமா வேண்டாமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க யாருன்னு தெரிஞ்ச பெறவு, உங்களவிட்டா இதக் கேக்க ஆளில்லன்னு தோணிட்டு. வாங்கக்கா."

லூணேரியைத் தாண்டி, கல்லாய்க் கிடந்த மேடுகளுக்கு நடுவே வெகுதூரம் ஓட்டச் சொன்னார். ஒரு வளைவு திரும்பியதும் ஜீப் குலுங்கி நின்றது. முன்சக்கரம் இரண்டும் புதைந்திருந்தன.

ஞானதுரை கதவைத் திறந்து காலை வைத்தார். கணுக்கால்வரை உள்ளே போயிற்று. எதிரே ஒரு மேடு நின்றது, பொன் நிறத்தில். அதன் முகட்டிலிருந்து காற்று மணலை மெல்லிய புகை போல எடுத்துப் போய்க்கொண்டிருந்தது. சரிவில் வரிகள் பார்க்கும்போதே மெதுவாக இடம் மாறின. ஒரு வண்டு ஏறிப்போன தடம், தையல் போட்டது போல, பாதியில் அழிந்துகொண்டிருந்தது.

"எஸ்தர்! இங்க பாரு! எஸ்தர்!" என்று கத்திக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மேலே ஏறினார். ஏறுவதும் சறுக்குவதுமாக, கையை ஊன்றி, மறுபடி ஏறி.

எஸ்தர் அப்படியே மண்டியிட்டாள். இரண்டு கையையும் முழங்கைவரை மணலுக்குள் நுழைத்தாள். சூடாக இருந்தது. அடியில் குளிர்ச்சி. அவளுக்கு அழுகை வந்தது.

"மொதல்ல ஒரு பாய் அளவுதான் இருந்துச்சு" என்றார் கேவல்சந்த், அவளருகில் குந்தி. "இப்ப அங்கிட்டு வரைக்கும் வந்துட்டு. அடியில ஒரு கெணத்துல தண்ணி ஊறியிருக்கு. சுகிக்கு மட்டுந்தான் தெரியும். சர்க்கார் ஆளுங்களுக்குத் தெரிஞ்சா, மணல் மறுபடி பறக்குதுன்னு சொல்லி மருந்தடிச்சிக் கெட்டியாக்கிருவாங்க. அதான் மூச்சு விடல. நிலைக்குமாக்கா? இது நிலைக்குமா?"

அவள் பெட்டியிலிருந்து நுண்ணோக்கியை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் நாலு மணல்மணியைப் போட்டுப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கெட்டிமேட்டிலிருந்து ஒரு சில்லைக் கொண்டுவரச் சொல்லி அதன்மேல் அந்தச் சொட்டை விட்டுக் காத்திருந்தாள். சில்லு மெல்லப் பொரிந்து, நொய்ந்து, உதிர்ந்தது.

"புதுசா ஒண்ணு பொறந்திருக்கு தம்பி" என்றாள். "என்னோடதத் தின்னு வாழுற ஒண்ணு. தின்னுட்டு அமிலமா விடுது. அந்த அமிலத்துல சுண்ணாம்புச் சட்டை கரைஞ்சிருது. மணல் பழையபடி உருண்டையாயிருது. யாரும் செய்யல. தானா வந்திருக்கு."

"அப்ப நிலைக்கும்!"

"நிலைக்கும். பரவும். காத்துலயே போயிரும். யாராலயும் இத நிறுத்த முடியாது."

கேவல்சந்த் மணலை வாரித் தலைமேல் போட்டுக்கொண்டார். ஏதோ தன் மொழியில் சொல்லி, வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வெட்கப்பட்டது போலச் சிரித்தார். "லாரிக்கு மணல் ஏத்துற லோடிங் யார்டுக்காரன் சொன்னான், இந்த மணல் நல்ல மணலுன்னு. அதோ அந்தப் பக்கச் சரிவுலேருந்து அவங்க ரொம்ப நாளா அள்ளுதாங்க. ஒடைக்க வேண்டாம், அப்படியே அள்ளி லாரியில போட்டாப் போதும்னு. அவங்களும் வெளிய சொல்லல."

எஸ்தரின் கை நின்றது.

"எத்தன நாளா?"

"அது ஆச்சு... போன மழைக்கு முந்தின மழையிலேருந்து இருக்கும். ஏன்க்கா?"

மேட்டுக்கு அந்தப் பக்கம் லாரி ஒன்று உறுமி ஏறும் சத்தம் கேட்டது.

"ஏன்க்கா? மொகம் ஏன் இப்படி ஆயிட்டு?"

"கட்டடத்துக்குள்ள இருக்கிற மணலும் இதே சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் நிக்குது தம்பி. வீடு, பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். இருவது வருஷமா கட்டினது எல்லாம். அதுக்கும் இதுக்கும் இந்தப் பூச்சிக்கு வித்தியாசம் தெரியாது. இங்கேருந்து போன லாரி எந்த ஊருல எறக்குச்சோ, அந்த ஊருல இது எறங்கியாச்சு. செவத்துல பூச ஒரு சட்டி போதும். அங்கேருந்து பக்கத்துச் செவரு, பக்கத்து வீடு."

கேவல்சந்துக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் தலையில் கிடந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம எப்படி?"

"சொன்னா மொதல்ல இங்கதான் வருவாங்க. இந்த மேட்டக் கொளுத்துவாங்க. கெணத்துல மருந்து ஊத்துவாங்க. உங்க கட்டடத்தக் காப்பாத்த எங்களக் கல்லாக்கிருவாங்க. என்ன செஞ்சாலும் இது நிக்காதுன்னு நீங்களே சொல்லுதீங்க. நிக்காதுன்னா எதுக்கு எங்க தண்ணியக் கெடுக்கணும்?" அவர் குரல் உடைந்தது. கோபமில்லை அதில், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உங்க பிள்ளைங்களுக்கு மட்டும் சொல்லுங்கக்கா. நான் தடுக்க மாட்டேன். மத்தவங்களுக்கு... எங்க மேடு கல்லாகும்போது எங்களுக்கு யாரு சொன்னா?"

முகட்டின் மேலிருந்து ஞானதுரை இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினார். படம் எடு, படம் எடு என்றார். காற்றில் அவருடைய வேட்டி படபடத்தது. சின்னப் பிள்ளை போல உட்கார்ந்து சறுக்கி வந்தார். பாதியில் நின்று மறுபடி ஏறினார். எஸ்தர் அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று யோசித்தாள். நேற்று வாய் தவறிச் சொன்னதற்கே அவர் தூங்கவில்லை.

கேவல்சந்த் எழுந்து ஜீப்புக்குப் போய், புதைந்த சக்கரத்தைச் சுற்றி மணலைக் கையால் வாரத் தொடங்கினார். இவள் பக்கம் திரும்பவேயில்லை.

சொன்னால் ஊர் ஊராக ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடுவார்கள். ஓடி எங்கே தங்குவார்கள்? சொல்லாவிட்டால் உறக்கத்தில் சாவார்கள். சொன்னால் இந்த ஊற்று சாகும். சுகி இன்னொரு முறை எல்லாவற்றையும் இழப்பாள். எஸ்தர் தன் அறிவையெல்லாம் திரட்டி மூன்றாவதாக ஒரு வழி தேடினாள். பலநாள் வராத விடை ஒரு காலையில் தானாக வந்து நிற்கும். ஆய்வுக்கூடத்தில் அப்படி எத்தனையோ முறை நடந்திருக்கிறது. மணலில் உட்கார்ந்து வெயில் ஏறும்வரை தேடினாள். வரவில்லை.

கடைசியில் மகளை அழைத்தாள்.

"அம்மா! மணல் பாத்தீங்களா?" ஜெமிமாவின் முகம் திரை முழுக்க வந்தது. பின்னால் பால்கனி, பிரம்பு நாற்காலி, அதற்கப்பால் அந்தரத்தில் நீல வானம். "அப்பா எங்க? வண்டிய எங்கயாச்சும் புதைச்சிட்டாரா?"

"பாத்தோம். ஜெமி, நான் சொல்லுததக் கவனமாக் கேளு..."

"இங்கயும் பாலைவனந்தாம்மா, அதக் கேளுங்க மொதல்ல. போன மாசம் மாடி பூரா செவத்துக்குப் புதுசாப் பூசினாங்கல்லா, அதுலேருந்து தொல்லை. தெனமும் பால்கனியக் கூட்டுதேன். மறுநாள் பாத்தா மூலையில குவியலாக் கெடக்கு. நைசா, உருண்டையா, கையில எடுத்தா நிக்கவே மாட்டேங்கு. எங்கேருந்துதான் வருதோ! பாப்பாவுக்குத்தான் கொண்டாட்டம். அள்ளி அள்ளிப் போட்டு வெளாடுதா. இருங்க காட்டுதேன்."

படம் ஆடியது. குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. குட்டிக் கையில் மணலை அள்ளி, விரல்களை விரித்து, அது ஒழுகுவதைப் பார்த்துச் சிரித்தது.

"ஜெமி" என்றாள் எஸ்தர். "பாப்பாவத் தூக்கு. ஒண்ணும் எடுக்காத. லிப்ட்டுல ஏறாத, படி வழியா எறங்கி வெளிய வா. கட்டடத்த விட்டுத் தூரமா, வெட்டவெளியில போயி நில்லு."

"என்னம்மா சொல்லுதீங்க? விளையாடாதீங்க."

"தூக்கு பிள்ளைய."

அந்தக் குரலை ஜெமிமா அதுவரை கேட்டதில்லை. சிரிப்பு நின்றது. குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவு திறக்கும் சத்தமும், படிக்கட்டில் செருப்பு இறங்கும் சத்தமும் கேட்டன. மூச்சு வாங்கியபடி அவள் கேட்டாள்.

"சரி, எறங்குதேன். எப்பம்மா திரும்ப மேல வரலாம்?"

எஸ்தர் வாயைத் திறந்தாள். திரையில் படிகள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன.

"அம்மா? கேக்குதா? எப்ப வரலாம்?"